நாற்பத்தேழில் ஒரு பங்கு ஏரி

தாராவி, மும்பை
ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய அத்தான் ஏஞ்சலோ அவர்களுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். தாணேயில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முட்டுவலிக்காக உங்கள் தங்கை செல்வமேரி புதன்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. கல்யாணமான நாளிலிருந்து தங்களுக்கு அப்படித்தான் எழுதிவந்திருக்கிறேன். இந்த முறை கை வரவில்லை. மூவரும் இருக்கிறோம். அதோடு அந்த வாக்கியத்தை முடித்துக்கொள்கிறேன்.

இதை போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நீங்கள் சிரித்தால் நான் போனை வைத்துவிடுவேன், காரியம் கெட்டுவிடும். காரியம் பெரியது. எங்கள் வீடு போகும்போல் இருக்கிறது. ஏரிக்கரை வீட்டைச் சொல்லவில்லை. அது போனால் மாதாவுக்கு நானே மாலை வாங்கிப் போடுவேன். நாங்கள் குடியிருக்கிற இந்தத் தாராவி வீடு. அதைக் காப்பாற்ற உங்கள் கையெழுத்து ஒன்று வேண்டும். கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால் பன்னிரண்டு வருடப் பொய் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மகள் அனிஷாவுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

எங்கள் ஏரிக்கரை பங்களாவைப் பற்றி வருடா வருடம் கிறிஸ்மஸ் விருந்தில் உங்கள் சோபாவில் உட்கார்ந்து நான் அளந்திருக்கிறேன். கர்ஜத் தாண்டி, மலையடிவாரம், தண்ணீருக்குப் பக்கத்தில், காற்று அப்படி, காலையில் கதவைத் திறந்தால் ஏரி. நீங்கள் மூன்று முறை "நாங்களும் ஒரு நாள் வருகிறோமே" என்று கேட்டீர்கள். ஒரு வருடம் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றேன், ஒரு வருடம் மோட்டார் ரிப்பேர் என்றேன், ஒரு வருடம் காவல்காரன் சாவியோடு ஊருக்குப் போய்விட்டான் என்றேன். ஆண்டவரைத் தெரியாது என்று இராயப்பர் மூன்று முறை பொய் சொன்னபோது சேவலாவது கூவியது. எனக்கு அதுவும் கூவவில்லை.

உண்மை இதுதான். ஃபேக்டரியை மூடியபோது முதலாளி எங்கள் நாற்பத்தேழு பேரையும் கூப்பிட்டார். கையில் எதுவும் இல்லை என்று கண் கலங்கினார். கலங்கிய கண்ணைத் துடைக்கிற வேலையை அவருடைய வக்கீல் எடுத்துக்கொண்டார். இருபது வருடம் தோல் வெட்டிய கைக்கும், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வெந்த காலுக்கும் சேர்த்து அந்த வக்கீல் ஒரு வழி சொன்னார்: முதலாளியின் ஏரிக்கரை வீட்டை நாற்பத்தேழு பேரும் கூட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு வருடத்தில் ஒரு வாரம். மிச்சம் ஐந்து வாரம் வீட்டைப் பழுது பார்ப்பதற்கு. இவ்வளவு யோசித்துச் சொன்னவரை நாங்கள் கும்பிட்டுக் கையெழுத்துப் போட்டோம். அந்த வீட்டை அதற்கு முன்னால் எங்களில் ஒருவனும் பார்த்ததில்லை. இரண்டு அறை, ஒரு அடுப்படி, வீட்டுக்கு நாலடி தள்ளி ஒரு கழிப்பறை. முதலாளி அதை நாற்பத்தேழு பேர் தலையில் கட்டியதற்குக் காரணம் அங்கே போய் இறங்கிய முதல் நிமிடமே புரிந்தது.

புரிந்து என்ன செய்ய? கிடைத்தது அது ஒன்றுதான். ஒருவன் தன் வாரத்தை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டுவிடக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டோம். அவனவன் குடும்பத்தோடு அவனவன் வாரத்தில் போக வேண்டும். போனதற்கு அத்தாட்சியாக வீட்டு முன்னால் நின்று, அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பாதவனுக்கு அடுத்த வருடம் வாரம் கிடையாது. கடத்தப்பட்டவர்களைத்தான் இப்படிப் படம் எடுப்பார்கள் என்று அனிஷா சொல்வாள். ஆனால் நாங்கள் அப்படி நிற்பதில்லை. இருக்கிறதில் நல்ல சேலை, நல்ல சட்டை, விழுந்த சுவர் தெரியாத மூலை, செம்பருத்திச் செடிப் பக்கம். பேப்பரைக்கூட ஏதோ வாசித்துக்கொண்டிருந்தவர்கள் மாதிரிதான் பிடிப்போம். நாற்பத்தேழு வீட்டிலும் அந்தப் படங்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு படம், ஒரே வரிசையில். வெளியிலிருந்து வருகிறவன் பார்த்தால் இந்தக் குடும்பத்துக்கு என்னவோ ஒரு அரண்மனை இருக்கிறது என்றுதான் நினைப்பான். நினைத்துவிட்டான். அதுதான் இந்தக் கடிதம்.

எங்கள் சந்துகளை இடித்துக் கட்டப்போவதும், யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்று சர்வே நடப்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் கதவில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டு ஒரு வருடம் ஆகிறது. எண் போட்டவர்கள் திரும்பவும் வந்து, உள்ளே பார்த்து, கேள்வி கேட்டு டேப்லெட்டில் ஏற்றினால்தான் பட்டியலில் பெயர் வருமாம். வருவார்கள் வருவார்கள் என்று செல்வமேரி ஒரு வருடமாக ரேஷன் கார்டையும் கரண்ட் பில்லையும் மடியில் கட்டிக்கொண்டு அலைந்தாள். மார்க்கெட் போனால் ஓடி வருவாள். பூசைக்குப் போனால் நற்கருணை வாங்கிய வாயோடு ஓடி வருவாள். இந்த நிலையில் ஜூலை இருபதாம் தேதி எங்கள் ஏரி வாரம் வந்தது. புத்தாண்டு அன்று சீட்டுக் குலுக்கித்தான் வாரம் பிரிப்போம். நான்கு வருடமாக எனக்கு ஜூலைதான் விழுகிறது, சரியாக மழை உச்சத்தில். போகாமல் இருந்துவிடலாமா என்றேன். "போவலன்னா அடுத்த வருசம் கெடையாதுல்லா? ஒரு வருசமா வராதவன் இந்த ஒரு வாரத்துலயா வந்துரப் போறான்?" என்றாள் உங்கள் தங்கை. சாவியைப் பக்கத்து வீட்டு சண்முகவடிவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

கர்ஜத்தில் இறங்கியபோது மழை. ஷேர் டெம்போவில் ஏறியபோதும் மழை. வழியில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது, அதைத் தாண்டிய கடைசி வண்டி நாங்கள் போனது. எங்களுக்குப் பின்னால் பாலம் முங்கிவிட்டது. வீட்டு வாசலில் போய் நின்றால் உள்ளே விளக்கு எரிகிறது. கதவைத் திறந்தது கரீம் பாட்சா. ஃபேக்டரியில் இருபது வருடம் என் எதிர் மேஜையில் தோல் வெட்டியவன், உங்களுக்கும் தெரிந்தவன்தான். எங்களுக்கு முந்தின வாரம் அவனுடையது.

"வா சேசு. எங்க வாரம் காலையிலயே முடிஞ்சுட்டு. ஆனா பாலத்துக்கு அது தெரியல பாத்துக்க," என்றான்.

அவர்கள் வீட்டில் ஒன்பது பேர். சம்பந்தி வீட்டாரையும் பங்களா காட்டக் கூட்டி வந்திருந்தான், மடையன். நாங்கள் மூன்று. ஆக, பன்னிரண்டு பேர் ஒரு அறையில். இரண்டு அறை என்றாயே என்று கேட்பீர்கள். ஒன்றில் கூரை இல்லை. யார் வாரத்தில் எது உடைகிறதோ அதை அவர்தான் சரி செய்ய வேண்டும் என்று இன்னொரு சட்டம் வைத்திருக்கிறோம். அதனால் இந்த வீட்டில் எது உடைந்தாலும் முந்தின வாரத்தில்தான் உடையும். அந்தக் கூரை யாருடைய வாரத்தில் விழுந்தது என்பது மூன்று வருடமாக விசாரணையில் இருக்கிறது. கழிப்பறைக் கதவு போன வருடமே போய்விட்டது. வாசலில் குடையை விரித்து வைத்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு குடை. ஒன்று எப்போதும் அங்கேதான் நின்றது. ஆள் இல்லாத ஐந்து வாரத்தில் ஊர்க்காரப் பெண் ரஞ்சனா தன் ஆடுகளை அந்த வீட்டில் கட்டிக்கொள்வாள். ஐந்து வாரம் முடிந்ததை ஆடுகளுக்கு யார் சொல்வது? மழை வலுத்ததும் அவையும் பழக்க தோஷத்தில் வந்து சேர்ந்தன. துரத்த யாருக்கும் மனம் வரவில்லை. எங்களைவிட அதிக நாள் குடியிருப்பவை அவைதான்.

பாட்சாவின் மனைவி ரஷீதா நல்ல பொம்பிளை. "மேரி, அந்த மூலைல படுத்துக்க. அங்கன மட்டும் ஒழுகாது," என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கேயும் ஒரு சொட்டு. "நேத்து வரைக்கும் ஒழுகலியே!" என்று அவள் கூரையைப் பார்த்துச் சண்டைக்குப் போனாள்.

அத்தான், உங்கள் தங்கை ஏன் வருடா வருடம் இந்த வீட்டுக்கு அடம் பிடித்துப் போகிறாள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தாராவி வீட்டில் பாதி இடம் என் தையல் மெஷினுக்கும் தோல் கட்டுகளுக்கும் போய்விடுகிறது. மிச்சத்தில் மூன்று பேர். மெஷினுக்கு அடியில் முட்டுக்காலை மடக்கித்தான் அவள் தூங்குவாள். ஏரி வீட்டில் ஒழுகாத ஒரு மூலையில் காலை நீட்டிப் படுப்பாள். அதற்காகத்தான் அந்த ஒரு வாரம். ஏரியும் கிடையாது, காற்றும் கிடையாது. இந்த வருடம் அதுவும் இல்லை. பன்னிரண்டு பேருக்கு நடுவில் அங்கேயும் முட்டுக்காலை மடக்கிக்கொண்டுதான் படுத்தாள். "பரவால்ல, பழகுன மடக்குதான்," என்றாள்.

இனி ஏரி. காலையில் கதவைத் திறந்தால் ஏரி என்று சொல்லியிருந்தேன் அல்லவா? மூன்று வருடமாகக் கதவைத் திறந்தால் தெரிவது ஒரு மதில். எங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரோ ஒரு பெரிய மனிதர் ரிசார்ட் கட்டிவிட்டார். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் கூரை மேல் ஏற வேண்டும், ஆள் ஏறினால் தாங்குகிற கூரைதான் இல்லையே. அனிஷா குடையைப் பிடுங்கிக்கொண்டு ரிசார்ட் கேட்டுக்குப் போனாள். காவலாளி மறித்தான். அவள் இந்தியில் சண்டை போட்டாள். தண்ணீர் யாருடையது என்று கேட்டாள். ரிசார்ட்டுடையது என்றான் அவன். வானத்திலிருந்து விழுகிறதே இதுவுமா என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேட்டுக்கு உள்ளே விழுவது மட்டும் என்றானாம். அப்புறம் அவனே சொல்லியிருக்கிறான், அந்த ஏரிக்காக அணை கட்டியபோது அவன் அப்பாவின் வயல் அந்தத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டதாம். வேலை நேரம் தவிர அவனுக்கும் உள்ளே அனுமதி இல்லை. அவள் கோபம் தீராமலே திரும்பி வந்தாள். கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் கிடைத்திருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டில் நிற்பவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

நான்காம் நாள் ஏரி நிரம்பியது. ரிசார்ட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று மதிலின் அடியில் நாலு ஓட்டை போட்டு எங்கள் பக்கம் திறந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் மூன்று வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஏரியைப் பார்த்தோம், அடுப்படியில். பாட்சாவின் சம்பந்தி முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பங்களா நல்லாத்தான் இருக்கு. தண்ணிப் பஞ்சம் இல்ல," என்றார். பாட்சாவுக்கு மூஞ்சி செத்துவிட்டது.

அந்தத் தண்ணீரில் நின்றுதான் இந்த வருடப் படம் எடுத்தோம். செல்வமேரி அனிஷாவின் முதல் சம்பளத்தில் வாங்கிய பட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். பாலம் முங்கியதால் அன்றைய பேப்பர் வரவில்லை, வந்த நாள் பேப்பரையே பிடித்தோம். அனிஷா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, பஸ் கரோ, போதும்ப்பா. இது பங்களா இல்ல, கண்டஹர்," என்றாள். இடிந்து கிடக்கிற கோட்டையை இந்தியில் அப்படிச் சொல்வார்கள்.

"ஏட்டி, வாய மூடிக்கிட்டு சிரிட்டி," என்றாள் அவள் அம்மா.

"வாய மூடிட்டு எப்படிம்மா சிரிக்கது?"

"நான் இருவத்தேழு வருசமா சிரிக்கலியா?"

பாட்சா படத்தை எடுத்தான். படம் நன்றாக வந்திருக்கிறது. தண்ணீருக்கு நடுவில் நிற்கிற மாதிரி, படகு வீடு மாதிரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

இருபத்தேழாம் தேதி தாராவிக்குத் திரும்பினோம். சந்து முனையிலேயே சண்முகவடிவு ஓடி வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணாச்சி, சர்வேக்காரனுவ புதன்கிழம வந்தானுவ. நான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

செல்வமேரி அந்த இடத்திலேயே பையைக் கீழே போட்டாள்.

"என்ன சரி பண்ணுன வடிவு?"

"பூட்டிக் கெடக்கு, யாரும் இல்லன்னு எழுதிட்டுப் போவப் பாத்தானுவக்கா. விடுவேனா? தொறந்து காட்டுனேன். ஒண்ணும் இல்லாதவங்கன்னு நெனச்சுராதீய, பெரிய எடம், ஏரிக்கரைல பங்களா இருக்கு, வருசா வருசம் அங்க போயிருவாவன்னு சொன்னேன். அவனுவ நம்பல. நான் படத்தக் காட்டுனேன்லா! ஒவ்வொண்ணா! அப்புறம்தான் மரியாதையா சேர்ல உக்காந்து எழுதுனானுவ. காப்பி போட்டுக் குடுத்தேன்."

அவளைத் திட்ட முடியுமா அத்தான்? எங்களுக்காக அவ்வளவு அழகாகப் பேசியிருக்கிறாள். பன்னிரண்டு வருடமாக நானும் செல்வமேரியும் அவளிடம் அளந்ததைத்தான் ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். செல்வமேரி அவள் கையைப் பிடித்து, "நல்லா இரு," என்று மட்டும் சொன்னாள். பிறகு கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டாள்.

டேப்லெட்டில் ஒரு கட்டம் இருக்கிறதாம். இந்தக் குடும்பத்துக்கு வேறு வீடு உண்டா என்று. அதில் எங்களுக்கு உண்டு என்று விழுந்திருக்கிறது. உண்டு என்று விழுந்தால் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்ல ஒருவரும் இல்லை. புது வீடு கிடைக்காது என்கிறார்கள், ஊருக்கு வெளியே எங்கோ வாடகை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்றும் சொல்கிறார்கள். எழுதியவனைக் கேட்டால் மேலே கையைக் காட்டுகிறான். மேலே பார்த்தால் கரண்ட் வயர் தொங்குகிறது. மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரிடம் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள், நல்ல பேச்சு. அந்த ஏரி வீடு குடியிருக்க லாயக்கில்லாத வீடு என்று அரசாங்கப் பென்ஷன் வாங்குகிற ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தரட்டும், பதினைந்து நாள் தருகிறேன், அதுவரை ஏற்றாமல் வைத்திருக்கிறேன் என்றார்.

விஷயம் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. ஏரி வீட்டுப் பத்திரத்தில் நாற்பத்தேழு பெயரும் வரிசையாக இருக்கிறது. ஒருவனைப் பிடித்தால் மற்ற நாற்பத்தாறும் வந்து விழும். போன வெள்ளிக்கிழமை பழைய ஃபேக்டரி வாசலில் எல்லோரும் கூடினார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"உன் பொண்டாட்டி சொவத்துல மாட்டுன படம் நாப்பத்தேழு வீட்ட இடிக்கப் போவுதுடே," என்று ஒருவன் கத்தினான்.

"உன் வீட்ல மாட்டலியா?" என்றேன்.

அவன் செருப்பைத் தேடினான். பாட்சாதான், "என் வீட்ல பதினொண்ணு இருக்கு. ஒண்ணுல கண்ணாடி ஒடஞ்சு போச்சு," என்றான். கூட்டம் அதோடு கலைந்தது. அன்று சாயங்காலமே எல்லோரும் படங்களைக் கழற்றிவிட்டார்கள். இப்போது எங்கள் சந்துகளில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் சுவரில் வெள்ளையாகச் சதுரம் சதுரமாக அடையாளம் தெரிகிறது. சிலர் அதன் மேல் அவசரத்துக்குக் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரே சுவரில் நாலு காலண்டர்.

எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் கழற்றவில்லை. நான் ஸ்டூலைப் போட்டபோது செல்வமேரி ஸ்டூல் மேல் உட்கார்ந்துகொண்டாள். "கழத்தாதிய. நான் நல்ல சேல கட்டி நிக்கிற படம் இந்த வீட்ல வேற ஏது?" என்றாள். நான் ஸ்டூலை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகையால் அத்தான், நீங்கள் அணுசக்தி நகரில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, இப்போது பென்ஷன் வாங்குகிறவர். இந்தக் குடும்பத்தில் ரப்பர் ஸ்டாம்ப் மரியாதை உள்ள ஒரே ஆள் நீங்கள்தான். வரும் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னோடு வந்து அந்த வீட்டைக் கண்ணால் பாருங்கள். கூரை, மதில், குடை, ஆடு எதையும் விடாமல் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பொய் ஒரு சொல் வேண்டாம். இந்த விஷயத்தில் நம் குடும்பத்துக்கான பொய்யை நான் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேன். பார்த்துவிட்டு நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். அடுத்த கிறிஸ்மஸுக்கு உங்கள் சோபாவில் உட்கார்ந்து நானே எல்லோருக்கும் சொல்லிக் காட்டுகிறேன்.

அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் ஒழுகாத மூலையில் உங்கள் எல்லோரையும் ஆண்டவர் படுக்க வைக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
சேசுராஜ்

பின்குறிப்பு: திங்கட்கிழமை. நேற்று ஞாயிறு, தபாலாபீஸ் கிடையாது, நல்லவேளை கடிதம் என்னிடமே இருந்தது. மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடவும். லாயக்கில்லாத வீடு என்று நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். இன்று காலை கறுப்புக் கண்ணாடி சூப்பர்வைசர் தானே எங்கள் வீட்டுக்கு வந்தார். செல்வமேரி டீ கொடுத்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம் ரொம்பக் கூச்சத்தோடு கேட்டார். ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு, எல்லா ரிசார்ட்டும் ஃபுல், அவர் மனைவியும் மாமியாரும் ஒரு வாரமாக அவரோடு பேசுவதில்லையாம், அந்த மூன்று நாளைக்கு எங்கள் பங்களா கிடைக்குமா என்று. டேப்லெட்டைக் காட்டினார். எங்கள் பெயருக்கு எதிரே அந்தக் கட்டம் இப்போது காலியாக இருக்கிறது. லீவு முடிந்து வந்ததும் இல்லை என்று அமுக்கி ஏற்றிவிடுகிறாராம். பணமா கேட்டார்? பாவம், நல்ல மனிதர்.

அந்த வாரம் எங்களில் யாருடையதோ அவன், நான் கேட்பதற்கு முன்னாலேயே, "குடுத்துத் தொலைடே," என்றான். நாளைக் காலை முதல் ரயிலில் நாற்பத்தேழு பேரும் கிளம்புகிறோம். தகரம், தார்ப்பாய், சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்துவிட்டது. கூரை யார் வாரத்தில் விழுந்தது என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. மூன்று வருடமாக எங்கள் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக வேயாத கூரையைப் பத்து நாளில் வேயப்போகிறோம். அனிஷா என்னிடம் பேசவில்லை. செல்வமேரி மட்டும், "ஒழுகாம மேஞ்சுட்டு வாங்க. அவன் மாமியாக்காரியாவது கால நீட்டிப் படுக்கட்டும்," என்றாள். அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே, சனிக்கிழமைக்குப் பதிலாகப் பதினைந்தாம் தேதி காலை காரை எடுத்துக்கொண்டு வரவும், சூப்பர்வைசர் குடும்பத்தை நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். உங்கள் பால்கனியில் பழைய கதவு ஒன்று சாத்தி வைத்திருப்பதைப் போன கிறிஸ்மஸில் பார்த்தேன். அதை நாளை மறுநாளே டெம்போவில் ஏற்றி அனுப்பிவிடவும், எதற்கு என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் மூன்று முறை அங்கே வந்து தங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டேன், வழியில் கேட்டால் மறுக்க வேண்டாம்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். அங்கிருந்து ஏரி தெரியுமா என்று. "தெரியுமாவா? வீட்டுக்குள்ளயே வரும் சார்," என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.